காத்து பூந்த நெஞ்சு

எங்கள் பக்கத்தில் காத்து என்றால் மூன்று. வயிற்றில் தங்கிக்கொண்டு நெஞ்சைக் குத்துவது ஒன்று. அதற்கு ஓமத் தண்ணி. உச்சி வேளையில் ஆளில்லாத வரப்பில் எதிரே வந்து ஆளை அடிப்பது ஒன்று; அதற்கு வேப்பிலை. மூன்றாவது சும்மா வீசுகிற காத்து, கரும்புத் தோகையை உரசிக்கொண்டு போவது, நாம் இழுத்து விடுவது. அதற்கு மருந்தே வேண்டாம் என்று நினைத்திருந்தேன். என் அக்கா வீட்டுக்காரரை, என் மாமாவை, சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது அந்த மூன்றாவதுதான்.

மாமாவுக்கு ஐம்பத்தைந்து தாண்டியிருந்தது. கரையாம்புத்தூர்ப் பக்கம் கரும்பும் நெல்லுமாகப் பயிர் வைக்கிறவர், பேச ஆள் கிடைத்தால் மண்வெட்டியைக் கீழே போட்டுவிடுகிறவர். இரண்டு வருஷமாக அவர் நெஞ்சு தாளம் தப்பியிருந்தது. சும்மா உட்கார்ந்திருப்பார். திடீரென்று கையை மார்பில் வைத்து, "பூந்துகிச்சு மச்சான்" என்பார். காட்டுப் பன்னிக் கூட்டம் கரும்புக்குள் நுழைந்து நாலா பக்கமும் ஓடுகிற மாதிரி இருக்கும் என்று அவரே விளக்குவார். ஒரு தடவை அங்கே காதை வைத்துக் கேட்டேன். ஓடியது, நின்றது, தடுக்கியது, மறுபடி ஓடியது. எந்த அடியும் முந்தின அடிக்கு ஈடாக விழவில்லை. இப்படி ஒரு கலவரத்தை உள்ளே வைத்துக்கொண்டு இந்த மனுஷர் ஊர் வம்பு பேசுகிறாரே, தண்ணி பாய்ச்சுகிறாரே, ராத்திரி குறட்டை விடுகிறாரே என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

மாத்திரைகள் கொஞ்ச நாள் கேட்டன, அப்புறம் கேட்கவில்லை. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே துடிப்புக் கோளாறை மட்டும் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருந்தார். தொடையில் ஊசி குத்தி, ரத்தக்குழாய் வழியாக மெல்லிய வயர் ஒன்றை இதயத்துக்குள் விட்டு, கோளாறு கிளம்புகிற இடத்தைச் சுற்றிச் சூடு வைத்துவிடலாம், அபிலேஷன் என்று பேர் என்றார். மாமா ஊருக்குத் திரும்பியதும் போகிறவன் வருகிறவனையெல்லாம் நிறுத்திச் சொன்னார்: மாட்டுக்குப் போடுகிற மாதிரி தனக்கும் சூடு போடப் போகிறார்களாம், அப்புறம் தன்னை யாரும் திருடிக்கொண்டு போக முடியாதாம். "உன்ன யாருய்யா திருடப் போறா" என்றாள் அக்கா.

அபிலேஷனுக்கு முந்தின நாள் கையெழுத்துப் போடக் கூப்பிட்டபோது அக்கா என்னை உள்ளே தள்ளிவிட்டாள். "எனக்கு அதெல்லாம் காதுல உழ வாணாம். நீ கேட்டுகினு வா." டாக்டரம்மா என்னை உட்காரவைத்து, என்னென்ன தப்பிப் போகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தொடையில் ரத்தம் கட்டலாம். வயரின் முனை இதயச் சுவரைத் துளைத்துவிட்டால், இதயத்தைப் போர்த்தியிருக்கிற பைக்குள் ரத்தம் தேங்கி, விரியவிடாமல் நெருக்கும்; ஊசி போட்டு உடனே இறக்க வேண்டும். உறைந்த ரத்தத் துணுக்கு ஒன்று கிளம்பி மூளைக்குப் போகலாம். இதெல்லாம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தெரிந்துவிடும் என்றவர், ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். இதயத்தின் மேலறை ஒன்று. அதன் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு நீளக் கோடு. அது உணவுக்குழாய். இரண்டுக்கும் நடுவே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை, ஈரமான இரண்டு வாழைப்பட்டைகளை ஒன்றோடொன்று அப்பிவைத்த மாதிரி. இந்தப் பக்கம் சூடு வைத்தால் அந்தப் பக்கமும் கொஞ்சம் வெந்துபோகலாம். அது ஆறாமல் புண்ணாகி, சில வாரம் கழித்து, வீட்டில் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போது ஓட்டை விழலாம். மிக மிக அபூர்வம். ஆனால் காய்ச்சல் வந்தாலோ, முழுங்க வலித்தாலோ, வேறு எங்கேயும் போகாமல் முதலில் தனக்குப் போன் பண்ண வேண்டும் என்றார். "எங்க, திருப்பிச் சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

வாய் சொன்னது. மனம் அந்தப் படத்திலேயே நின்றுவிட்டது. சாப்பிடுகிற ஒவ்வொரு வாய்ச் சோறும் இதயத்தின் முதுகை உரசிக்கொண்டுதான் கீழே இறங்குகிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. பிறந்ததிலிருந்து இத்தனை ஆயிரம் கவளம், இத்தனை தம்ளர் தண்ணீர், எல்லாம் அந்த வழியாகவா? அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக் கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட உட்கார்ந்தவன், ஒவ்வொரு வாய்க்கும் நின்று நின்று, இப்போது தொட்டிருக்கும், இப்போது தாண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் சோறு சரியில்லையா என்று கேட்டார்.

ஆனால் வெளியே வந்து அக்காவிடம், ஒன்றுமில்லை, எல்லா ஆஸ்பத்திரியிலும் சொல்லுகிறதுதான் என்று முடித்துவிட்டேன். மாமாவிடம் மூச்சே விடவில்லை. சொன்னால் அவர் அங்கேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

எல்லாம் நன்றாக முடிந்தது. வீட்டுக்கு வந்த அன்று அக்கா அவர் மார்பில் காதை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, கயிறு பிடித்து நாற்று நட்ட மாதிரி இருக்கிறது என்றாள். நானும் கேட்டேன். ஒன்று, இடைவெளி, ஒன்று, இடைவெளி. மூன்று வாரம் மாமா அந்தச் சீரிலேயே மிதந்துகொண்டிருந்தார்.

நாலாவது வாரத்தில் சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது. உத்தரவு வந்தால் குறித்த நாளில் கரும்பு வெட்டி லாரி ஏற்றிவிட வேண்டும், தவறினால் அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. வெட்டு ஆட்கள் வந்து கரும்புக்கொல்லையோரம் குடிசை போட்டுவிட்டார்கள். மாமா விடிகாலைப் பனியிலேயே போய் நின்றார். இரண்டு நாளாக லேசாகக் காய்ச்சல், பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். நெஞ்சுக்குள் என்னமோ குத்துகிறது என்றார். அக்கா ஓமத் தண்ணி கொடுத்தாள், பெருங்காயம் கரைத்த மோர் கொடுத்தாள், முதுகைத் தட்டிவிட்டாள். காத்து தங்கியிருக்கிறது, ஒரு ஏப்பம் வந்தால் சரியாகும் என்று வீடே சொன்னது. வில்லியனூரிலிருந்து வண்டியில் வந்த நானும் அதையே சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், வழியில் பெட்டிக்கடையில் நிறுத்தி இரண்டு பன்னீர் சோடா வாங்கிக்கொண்டு போனேன். காய்ச்சல் என்ற சொல்லை வாசலில் வைத்தே கேட்டிருந்தேன். கேட்டும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். கொல்லைமேட்டுப் புங்கமர நிழலில் வெட்டு ஆட்கள் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். மாமா சோடாவை ஒரே மூச்சில் பாதி இறக்கினார். கொஞ்ச நேரத்தில் பெரிதாக ஒரு ஏப்பம் வந்தது. வெட்டு மேஸ்திரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆலைச் சங்கு ஊதிட்டாங்கடோய், எல்லாரும் சோத்துக்கு வாங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மீதியைக் குடித்தவர், தொண்டையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அது இன்னான்னு தெரியல மச்சான். முழுங்கறப்பல்லாம் காத்து உள்ள பூந்துகினு இங்க வந்து அடிக்குது" என்று மார்பின் நடுவைத் தொட்டுக் காட்டினார்.

காட்டிய கை வலது. இடது கையிலிருந்த பாட்டில் அப்போதே நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கச் சொல்லி அவர் அந்தக் கையைப் பார்க்கிறார், அது தொங்குகிறது. யாரோ தன் கையை அவர் தோளில் மாட்டிவிட்டுப் போன மாதிரி அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பயத்தைவிட வியப்புதான் அந்த முகத்தில் எனக்கு இன்றைக்கும் தெரிகிறது.

ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். கரும்புக்கொல்லை, உச்சிப்பொழுது, காத்துதான் அடித்திருக்கிறது, வேப்பிலை ஒடித்து வா என்று ஒரு அம்மாள் ஆளை அனுப்பினார். மேஸ்திரி மாமாவைத் தாங்கிப் படுக்கவைத்தார். பத்து நிமிஷத்தில் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தன, வாய் நேரானது. வேப்பிலை அதற்குள் வந்துவிட்டதால் பேர் வேப்பிலைக்குப் போனது. நான் மட்டும் பாட்டில் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முழுங்கறப்ப. அவர் முழுங்கறப்ப என்று சொன்னார். அந்தச் சொல் என் காதுக்குள் போய், நாலு வாரத்துக்கு முந்தைய ஒரு தாளை விரித்தது.

மேஸ்திரியின் உறவுக்காரர் ஒருவரின் காரில் மதகடிப்பட்டுக்கு விரட்டினோம். ஆஸ்பத்திரி என்றால் ஃபைல் இல்லாமல் அக்கா கிளம்பமாட்டாள், வீட்டு வாசலில் ஏறும்போதே மஞ்சள் பையில் எல்லாக் காகிதத்தையும் அள்ளிக்கொண்டு வந்தாள். அங்கே கிளினிக் வைத்திருந்த டாக்டர் நல்ல மனிதர், எங்கள் ஜனங்களுக்கெல்லாம் வழக்கமானவர். பார்த்தார், கேட்டார். நெஞ்சில் குத்து, முழுங்க வலி, மோரும் ஓமமும். அல்சராக இருக்கும், கொல்லையில் சாய்ந்தது காய்ச்சல் மயக்கமாக இருக்கும் என்றார். பக்கத்து ஆஸ்பத்திரியில் இன்றைக்கே வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்துவிடலாம் என்று சீட்டும் எழுதத் தொடங்கினார். நான் மஞ்சள் பையைத் தரையில் கொட்டினேன். டிஸ்சார்ஜ் காகிதத்தின் கடைசியில், சிவப்பு மையால் அடிக்கோடிட்ட நாலு வரி. அதற்குக் கீழே ஒரு நம்பர்.

டாக்டரம்மா இரண்டாவது மணியிலேயே எடுத்தார். காய்ச்சல் எத்தனை நாள், முழுங்க வலிக்கிறதா, கை கால் ஏதாவது தளர்ந்ததா என்று மூன்றே கேள்வி. மூன்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடுக்காதீங்க. வாய் வழியா யாரும் கேமரா விட வேணாம். விட்டா உள்ள காத்து அடிப்பாங்க, அந்தக் காத்து ஓட்டை வழியா இதயத்துக்குள்ள போயி நேரா மூளைக்கு ஏறிடும். படுக்க வெச்சே கூட்டிட்டு வாங்க."

அவரும் காத்து என்றுதான் சொன்னார். படித்தவர், பட்டணத்துக்காரர், அதே சொல். இரண்டு நாளாக ஒரு வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது தப்பே இல்லை. காத்துதான். உள்ளே பூந்ததும் காத்துதான், கொல்லையில் அடித்ததும் காத்துதான். சொல் சரியாக இருந்தது, நாங்கள்தான் அதைப் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தோம்.

போனைக் கிளினிக் டாக்டரிடம் கொடுத்தேன். கேட்கக் கேட்க அவர் எழுந்து நின்றுவிட்டார். எழுதிய சீட்டை நாலாகக் கிழித்துப் போட்டார். அவரே ஆம்புலன்ஸுக்குச் சொன்னார், அவரே கையில் மருந்து ஏற்றினார், ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். இருபத்தைந்து வருஷ டாக்டர் வேலையில் இதைப் படித்ததுதான், பார்த்ததில்லை என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

ஆம்புலன்ஸ் திண்டிவனம் தாண்டியது. மாமாவுக்குத் தாகம். உடம்பு அனலாக அடித்தது. அக்கா ஈரத்துணியால் உதட்டை மட்டும் ஒற்றினாள், அதையும் அவர் உறிஞ்சிவிடப் போகிறாரே என்று உடனே எடுத்துக்கொண்டாள்.

"ஒரு மடக்கு குடுடா மச்சான். பச்சத் தண்ணிதான."

"வாணாம் மாமா."

"சோடா மட்டும் ஊத்தி ஊத்திக் குடுத்த?" என்று சிரிக்கப் பார்த்தார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது, அந்தக் காகிதத்தை நான் கொட்டித் தேடிய விதத்திலேயே தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். வாழைப்பட்டை, சில வாரம் கழித்து விழக்கூடிய ஓட்டை, திருப்பிச் சொன்னது, வெளியே வந்து மறைத்தது, எல்லாம். மாமா கண்ணை மூடிக் கிடந்தார். கேட்டாரா, தெரியாது.

"சொல்லியிருந்தா நான் சூடு வெக்கவே வுட்டிருக்க மாட்டன்" என்றாள் அக்கா. கொஞ்ச தூரம் போனதும், "அதுக்குத்தான் சொல்லலியா?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவள் அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, இன்றைக்கும் பேசவில்லை. அவளிடம் சொல்லியிருந்தால் மாமா அந்தப் பன்னிக் கூட்டத்தோடு இருந்திருப்பார். சூடு வைத்த பிறகாவது மாமாவிடம் சொல்லியிருந்தால் காய்ச்சல் வந்த முதல் நாளே அவர் என்னைக் கூப்பிட்டிருப்பார். இரண்டையும் மாற்றி மாற்றி எடைபோட்டு, இன்னும் எனக்கு ஒரு பக்கமும் தாழவில்லை.

ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டரம்மா நின்றிருந்தார். நேரே ஸ்கேன். அது முடிந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். சாம்பலும் வெள்ளையுமாக மாமாவின் உட்புறம். இது இதயம், இது உணவுக்குழாய், என்று விரலை நகர்த்திக்கொண்டு வந்து நிறுத்தினார். இரண்டுக்கும் நடுவில் ரவை மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. பக்கத்தில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று. இருக்கக் கூடாத இடத்தில் காற்று இருந்தால் இப்படித்தான் கறுப்பாகத் தெரியும் என்றார். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கரும்புக்கொல்லை மேட்டில், புங்கமரத்துக்குக் கீழே, எல்லோரையும் தடவிக்கொண்டு போன அதே காற்றில் ஒரு துளி. அவர் சிரித்தபோது உள்ளே போயிருக்கலாம். ஏப்பம் விட்டபோது போயிருக்கலாம். ஒரு ரவை. அதற்கு இத்தனை பெரிய மனுஷரைக் கீழே சாய்க்கிற பலம் இருக்கிறது, அதற்கு எடைகூடக் கிடையாது.

என் சோடாவால்தான் கை விழுந்ததா என்று கேட்டேன். டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. இருக்கலாம், எச்சில் முழுங்கியதாலும் இருக்கலாம், இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். சுட்டது தான்தான் என்றும் அதே குரலில் சொன்னார். எல்லா ஜாக்கிரதையோடும்தான் சுட்டேன், ஆனாலும் ஆகிவிட்டது என்றார். அறுவைக்குப் போனால் பிழைப்பார் என்று வாக்குக் கொடுக்க முடியாது, போகாவிட்டால் பிழைக்கவே மாட்டார். இந்தத் தடவை அக்கா உள்ளே வந்து, ஒவ்வொன்றையும் கேட்டு, தானே கையெழுத்துப் போட்டாள்.

நெஞ்சைத் திறந்தார்கள். ஓட்டை இரண்டு பக்கமும் தைக்கப்பட்டது. விலா எலும்புகளுக்கு நடுவிலிருந்து ஒரு துண்டுத் தசையை, அதன் ரத்த ஓட்டம் அறுந்துவிடாமல் திருப்பிக் கொண்டுவந்து, இதயத்துக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே படுக்கவைத்ததாக அறுவை செய்த டாக்டர் வெளியே வந்து சொன்னார். பிறந்த நாளிலிருந்து ஒட்டிக்கிடந்த இரண்டுக்கும் நடுவே முதல்முறையாக ஒரு தடுப்பு, மாமாவுடைய சதையிலேயே. அந்த டாக்டரின் கையைப் பார்த்தேன். சாதாரணக் கை. நகம் ஒட்ட வெட்டியிருந்தது. கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன். அவர் காபி குடிக்கப் போக வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு வாய்க்கு வேலையில்லை. வயிற்றில் துளையிட்டு, குழாய் வழியாகக் கஞ்சி போன்ற ஒன்று சொட்டுச் சொட்டாக இறங்கியது. வாரங்கள். காய்ச்சல் ஏறியது, இறங்கியது, இன்னொரு தடவை ஏறியது. வெட்டிய கரும்பை மேஸ்திரியே முன்நின்று லாரி ஏற்றி அனுப்பிவிட்டதாகப் போன் வந்தது. மாமாவின் இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் முழுசாக மடங்கவில்லை. மூளையில் சின்னதாக ஒரு இடம் போய்விட்டது, பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் திரும்பலாம் என்றார்கள். பேச்சு திரும்பியது. ஆனால் அந்த வாய் பேசியதெல்லாம் சாப்பாடு. பக்கத்துக் கட்டிலுக்கு வந்த இட்லியின் வாசனையை வைத்தே நேற்று அரைத்த மாவா முந்தாநாள் மாவா என்று தீர்ப்புச் சொல்லுவார். நர்ஸ்கள் அதைக் கேட்கவே வருவார்கள்.

பிறகு அந்தக் காலை. மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். எங்கேயும் கசியவில்லை. டாக்டரம்மாவே வந்து, இன்றைக்குத் தண்ணீர் மட்டும், சின்ன மடக்கு, உட்கார்ந்தபடி என்றார். அக்கா எவர்சில்வர் தம்ளரில் கால்வாசி ஊற்றினாள்.

மாமா வாங்கினார். வாயில் ஊற்றினார். முழுங்கவில்லை.

ஆம்புலன்ஸில் ஒரு மடக்குக்காகக் கெஞ்சியவர், கன்னம் இரண்டும் உப்ப, தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எனக்கு அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டே அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது. அந்தத் தண்ணீர் எந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு போகும் என்று அவருக்குத் தெரியும். உலகத்தில் எத்தனை பேருக்கு அது தெரிந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும்? நேரம் போனது. டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. மானிட்டரில் அவர் துடிப்பு ஏறியது. ஏறினாலும் வரிசை கலையவில்லை.

"முழுங்குங்க" என்றாள் அக்கா. எப்போதும் நீ வா போ என்று பேசுகிறவள், அன்றைக்கு முழுங்குங்க என்றாள். "நான் இங்கதான இருக்கன்."

தொண்டை மேலே ஏறி, இறங்கியது. மாமா அசையாமல் உட்கார்ந்து, அது போகிற வழி முழுக்கக் கூடவே போகிறவர் மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு கவனித்தார். நாங்களும் அவரோடு இறங்கினோம். ஒரு நிமிஷம் இருக்கும். கையை அசைத்துப் பார்த்தார். வாயைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"சில்லுனு போவுதுடி" என்றார். பிறகு இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்து, மடங்காத விரல்களுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு, இன்னொரு மடக்குக்கு அண்ணாந்தார்.